63½ டிகிரி

மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டு அலமாரியிலிருந்து அந்த ப்ளூ பிரிண்ட் வெளியே வந்தது. 1930களில் அவர் மாமனார் குடிவந்த மூன்று மாடிக் கட்டடம். இடித்துக் கட்டப் போகிறார்கள் என்பதால் பழைய காகிதங்களை ஒழித்துக்கொண்டிருந்தார். குறுக்குவெட்டுப் படத்தில், சுவரின் அடியிலிருந்து ஒரு கோடு சாய்வாக ஏறி, எதிர்க் கட்டடத்தின் உச்சியை உரசிக்கொண்டு வானத்துக்குள் போயிருந்தது. கோட்டின் மேல் பொடி எழுத்தில் 63½°.

“இந்தக் கோணல் கோடு எதுக்கும்மா? படியும் இல்லை, குழாயும் இல்லையே?” என்றார் மாமி.

எனக்கும் தெரியவில்லை. 60 என்றோ 65 என்றோ இருந்திருந்தால் கேள்வியை அங்கேயே விட்டிருப்பேன். அந்த அரை டிகிரிதான் விடவில்லை. எங்கோ யாரோ எதையோ கணக்குப் போட்டல்லவா அந்த அரையைச் சேர்த்திருக்க வேண்டும்?

மாட்டுங்காவுக்கு மனை வகுத்தது பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட். 1896-இல் வந்த பிளேக்கின் விளைவாக, 1898-இல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட அமைப்பு அது. ஆகவே எண்ணும் பிளேக்கில் பிறந்திருக்கும் என்று நினைத்தேன். வீடுவீடாகச் சோதனை போட்ட யாரோ ஓர் அதிகாரி, எந்தச் சந்தில் சாவு அதிகம் என்று அளந்து பார்த்துக் கண்டுபிடித்திருப்பார் என்று ஒரு கதையே என் மனதில் ஓடியது. காலா கோடாவில் எல்பின்ஸ்டன் கல்லூரிக் கட்டடத்துக்குள் இருக்கும் மாநில ஆவணக் காப்பகத்துக்கு அந்தக் கதையோடுதான் போனேன்.

1896 செப்டம்பரில் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் டாக்டர் அகாசியோ வியேகாஸ் நோயை அடையாளம் கண்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் தொற்றுநோய்ச் சட்டம் வந்தது (2020 மார்ச்சில் மாநிலங்கள் கையில் எடுத்ததும் இதே சட்டம்தான்). மார்ச்சில் ஜெனரல் கேட்டாக்கர் தலைமையில் பிளேக் கமிட்டி. மாநகராட்சி ஆணையர் ஸ்னோவின் அறிக்கையையும் கேட்டாக்கரின் அறிக்கையையும் பக்கம் பக்கமாகப் படித்தேன்.

மனம் கனத்துப்போன நாட்கள் அவை. வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட வாடகைக் குடியிருப்புகளுக்குச் சால் என்று பெயர். சோதனைக் குழு சாலுக்குள் நுழையும். நோயாளியைத் தூக்கிக்கொண்டு போவார்கள், சாமான்களை எரிப்பார்கள், தீயணைப்பு எஞ்சின் வைத்துத் தண்ணீர் பீய்ச்சுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள். வெளிச்சம் வரட்டும் என்று கூரை ஓடுகளைப் பிரிப்பார்கள், சுவரில் ஓட்டை போடுவார்கள். தேறாத அறைகளின்மேல் யு.எச்.எச். என்று மூன்று ஆங்கில எழுத்துகள் விழும். மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது என்பதன் சுருக்கம். குடியிருந்தவர் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். ஜன்னலே இல்லாத அறையைக் கட்டி வாடகை வாங்கியவரின் வீட்டில் யாரும் ஓடு பிரிக்கவில்லை. 1891-இல் 8,21,764 பேர் வாழ்ந்த நகரம், பத்தாண்டு கழித்து எண்ணியபோது 7,76,006 ஆகக் குறைந்திருந்தது.

அறிக்கைகளில் இருட்டு இருந்தது, ஈரம் இருந்தது, வீடுகளுக்கு நடுவே கழிவு ஓடும் கல்லிகள் இருந்தன. நான் தேடிய கோணம் மட்டும் எங்கும் இல்லை.

அது கிடைத்த இடம் 1912. டிரஸ்டின் தலைவர் ஜே.பி. ஆர், பம்பாய்க் குடியிருப்புகளில் வெளிச்சமும் காற்றும் என்ற பொருளில் ஆற்றிய உரை. அதில் 63½ டிகிரியை ஒரு வழக்கறிஞரைப் போல எடுத்து வாதாடுகிறார். ஆளிருக்கும் அறைக்கு வெளிச்சம் வரும் வழியில், எதிர்க் கட்டடம் அந்தச் சாய்கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட வேண்டும். மாமியின் ப்ளூ பிரிண்டில் இருந்த கோடு இதுதான். ஆனால் ஆரும் அந்த எண்ணைக் கண்டுபிடித்தவர் இல்லை.

என் தேடல் லண்டனில் போய் முடிந்தது. 1894-ஆம் ஆண்டு லண்டன் கட்டடச் சட்டம், வீட்டுக்குப் பின்னால் விட வேண்டிய காலியிடத்துக்கு இதே 63½ டிகிரியை விதித்திருக்கிறது. பம்பாயில் பிளேக் வருவதற்கு இரண்டு ஆண்டு முந்தையது! என் சோதனை அதிகாரி அன்றோடு காணாமல் போனார்.

அரை டிகிரியின் மர்மமும் அன்று அவிழ்ந்தது. பள்ளிக்கூடக் கணக்குதான். இடைவெளி ஒரு பங்கு, உயரம் இரண்டு பங்கு என்று வைத்தால் உச்சிக்குப் போகும் கோடு ஏறக்குறைய 63½ டிகிரியில் நிற்கும். பத்தடி இடம் விட்டால் இருபதடி எழுப்பலாம். கொத்தனாருக்கும் புரியும் விதி.

பிளேக்குக்கு இருட்டு காரணமில்லை என்பது பின்னால் தெரிந்தது. எலித் தெள்ளுதான் நோயைப் பரப்புகிறது என்று 1898-இல் கராச்சியில் போல் லூயி சிமோன் காட்டினார்; அதை உலகம் ஏற்கப் பல ஆண்டுகள் ஆயின. டிரஸ்டும் இடித்த வேகத்தில் ஏழைகளுக்குக் கட்டித் தரவில்லை. விரட்டப்பட்டவர்கள் பக்கத்துச் சால்களில் போய் நெருக்கிக்கொண்டார்கள். இத்தனைக்குப் பிறகும் இந்தக் கோட்டின் மேல் எனக்கு மதிப்பு உண்டு. அவசர காலத்துச் சோதனையின் அடியெல்லாம் குடியிருந்தவன் முதுகில் விழுந்தது. இந்தக் கோடோ, கட்டுகிறவனைப் பார்த்து இதற்கு மேல் எழுப்பாதே என்றது.

மாண்ட்வியில் ஒரு கல்லியில் நின்று நானே அளந்து பார்த்தேன். கையை விரித்தால் இரண்டு சுவரும் தொட்டன. கோணம் 80-ஐத் தாண்டியது.

ப்ளூ பிரிண்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது மாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்துபோய்ச் சமையலறை ஜன்னலைத் திறந்தார். “பத்து மணிக்கு இந்த மேடையில வெயில் விழும். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இங்கேதான் அப்பளம் காயவைக்கறேன். அந்தக் கோடுதானா இது?”

பிறகு பில்டர் கொடுத்திருந்த புதுப் பிளானைக் கொண்டுவந்து விரித்தார். உயரம் 66 மீட்டர். பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் இடையில் 9 மீட்டர். அளவுகோலை வைத்துப் பக்கத்துக் கட்டடச் சுவரின் அடியிலிருந்து கோடு இழுத்தேன். 82 டிகிரி வந்தது.

மாமி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்போ பக்கத்தாத்துக்கு இனிமே வெயில் வராதா?” என்றார்.