வாசக மேடையில் ஒலிவாங்கி

நாடுகாணிப் பகுதியில் ஆனி, ஆடி மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்குச் செல்பவர் இரண்டு மறையுரைகளைக் கேட்கிறார். ஒன்று வாசக மேடையிலிருந்து வருவது. மற்றொன்று கூரையிலிருந்து வருவது. கூடலூரைக் கடந்து கேரள எல்லையை ஒட்டி நிற்கும் இவ்வூர், நிலம்பூர்ச் சமவெளியைக் கீழே பார்த்தபடி, தென்மேற்குப் பருவக்காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கிறது. மேற்கிலிருந்து ஏறிவரும் மேகம் முதலில் இறங்குவது இங்கேதான். தகரத் தகடு வேய்ந்த சிற்றாலயத்தில் அம்மழை விழும்போது, அருகில் இருப்பவர் பேசுவதே கேட்பதில்லை. பிறகு பவுலடியார் எழுதியதை எப்படிக் கேட்பது?

எனவேதான் இம்மலைப் பங்குகளில் "வாசக மேடைக்கு எந்த மைக் வாங்கலாம்?" என்னும் கேள்வி பங்குப்பேரவையில் எழும்போது அதனைக் கணக்குப் புத்தகத்தின் ஒரு வரியாக மட்டும் நாம் கருதக்கூடாது. அக்கேள்விக்குப் பின்னே நீண்ட வரலாறு ஒன்று உண்டு.

வாசக மேடையின் தொடக்கத்தைத் தேடுவோர் நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்திற்குச் செல்வது வழக்கம். பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் தண்ணீர் வாயிலின் முன் கூடி நிற்க, அதற்கெனவே செய்யப்பட்ட மர மேடைமேல் ஏறி எஸ்ரா திருச்சட்டத்தை வாசிக்கிறார். லேவியர் மக்களிடையே நின்று விளக்கம் சொல்கின்றனர். குரல் எட்டாத இடத்தில் மனிதர்களை நிறுத்தி வைத்த ஏற்பாடு அது. இன்றைய மொழியில் சொன்னால், லேவியரே அன்றைய துணை ஒலிபெருக்கிகள். ஆண்டவர் இயேசுவும் கரையில் கூட்டம் நெருக்கியபோது படகில் ஏறி, நீர்ப்பரப்பின் மீதிருந்து பேசினார் என்று நற்செய்தியாளர் மாற்கு எழுதுகிறார். குளிர்ந்த நீரின்மீது ஒலி தொலைவு செல்லும் என்பதை மீனவர் அறிவர்.

திருச்சபைத் தந்தையருள் பேச்சுக்குப் பெயர்பெற்ற புனித அகுஸ்தினாரே தம் குரல் எளிதில் தளர்வது குறித்து வருந்தி, மக்களை அமைதி காக்குமாறு மறையுரைகளின் இடையே வேண்டிக்கொண்டதுண்டு. ஹிப்போ நகர ஆலயத்தில் மக்கள் நின்றபடியே கேட்ட காலம் அது.

பதினாறாம் நூற்றாண்டில் இயேசு சபையார் உரோமையில் கட்டிய ஜேசு ஆலயத்தைப் பாருங்கள். 1568இல் தொடங்கி 1584இல் அர்ச்சிக்கப்பட்ட அவ்வாலயத்தில் பக்க நடைகள் இல்லை. ஒரே அகன்ற நடுக்கூடம். போதகரின் குரல் தூண்களில் சிதறாமல் மக்களை அடைய வேண்டும் என்பது அவ்வமைப்பின் நோக்கங்களுள் ஒன்று. நம் நாட்டில் கோவாவின் போம் ஜேசு பேராலயத்திற்குச் சென்றவர்கள், சுவரிலிருந்து நீண்டு நிற்கும் செதுக்கு வேலைப்பாடு மிக்க பிரசங்க மேடையையும் அதற்குமேல் கவிந்திருக்கும் மர விதானத்தையும் கண்டிருப்பர். அவ்விதானம் அழகுக்கு மட்டும் வைத்ததன்று. மேலே சென்று வீணாகும் குரலைத் தடுத்து மக்கள்மீது திருப்பி விடுவதற்கு வைத்தது. மின்சாரம் இல்லாத ஒலிபெருக்கி என்று அதனை அழைத்தால் தவறில்லை.

மனிதக் குரல் தனியே எவ்வளவு தூரம் போகும்? 1739இல் பிலதெல்பியா நகரின் தெருவில் ஜார்ஜ் விட்ஃபீல்டு என்னும் போதகர் பேசிக்கொண்டிருந்தார். கூட்டத்தில் நின்ற பெஞ்சமின் பிராங்க்ளின் பின்னோக்கி நடந்து, குரல் எங்கே மங்குகிறது என்று பார்த்தார். அத்தொலைவை ஆரமாகக் கொண்ட அரைவட்டத்தில், ஆளுக்கு இரண்டு சதுர அடி வீதம் முப்பதாயிரம் பேருக்கு மேல் நின்று கேட்கலாம் என்று கணக்கிட்டார். ஆனால் விட்ஃபீல்டுகள் நூற்றாண்டுக்கு ஒருவரே பிறக்கின்றனர். ஆலயங்களோ ஊர்தோறும் உள்ளன.

1877, 1878ஆம் ஆண்டுகளில் பெர்லினர், எடிசன், ஹியூஸ் ஆகியோர் தனித்தனியே கண்ட கரித்துகள் ஒலிவாங்கி முதலில் தொலைபேசிக்கே பயன்பட்டது. 1919இல் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் குடியரசுத் தலைவர் வில்சன் ஒலிபெருக்கி வழியே ஏறத்தாழ 50,000 பேரிடம் பேசினார். 1931 பிப்ரவரி 12 அன்று மார்க்கோனி அமைத்த வத்திக்கான் வானொலியைப் பதினோராம் பத்திநாதர் தொடங்கி வைத்தார். அடுத்த ஆண்டே டப்ளின் நகரில் நடந்த நற்கருணை மாநாட்டில் தெருக்கள்தோறும் ஒலிபெருக்கிகள் கட்டப்பட்டு, பூங்காவில் நடந்த திருப்பலி நகரெங்கும் கேட்டது. நம் நாட்டில் இக்கருவியை மக்களுக்கு அறிமுகம் செய்தவை அரசியல் மேடைகள். காங்கிரஸ் மாநாடுகளில் பம்பாய் மோட்வானே குடும்பத்தாரின் 'சிகாகோ ரேடியோ' ஒலிபெருக்கிகள் முழங்கின. பின்னர் தமிழகத்தில் 'மைக் செட்' இல்லாமல் திருமணமும் இல்லை, திருவிழாவும் இல்லை என்றாயிற்று.

ஆலயத்திற்குள் திருப்பம் நேர்ந்தது இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில். அச்சங்கமே ஒலிவாங்கியின் ஆட்சியில்தான் நடந்தது. 1962 அக்டோபர் 30 அன்று திருவழிபாட்டுச் சீர்திருத்தத்தை எதிர்த்துப் பேசிய கர்தினால் ஒத்தவியானி, குறித்த பத்து நிமிடத்தைக் கடந்தும் நிறுத்தவில்லை. பார்வை மங்கிய முதியவர் அவர், எழுத்தின்றியே பேசிக்கொண்டிருந்தார். அன்று தலைமை வகித்த ஹாலந்து நாட்டுக் கர்தினால் ஆல்ஃபிரிங்க் எச்சரித்தார். பின் ஒலிவாங்கி நிறுத்தப்பட்டது. அவையினர் கைதட்டினர். புண்பட்ட முதியவர் சில நாள்கள் அவைக்கு வரவில்லை. நியாயம் எவர் பக்கம் என்பது ஒருபுறம் இருக்க, குரலுக்கு வலிமை தருவதும் அதனைப் பறிப்பதும் ஒரே விசைதான் என்பதை ஆயர்கள் அன்று நேரில் கண்டனர்.

1963 டிசம்பர் 4இல் திருவழிபாட்டுக் கொள்கைத்திரட்டு வெளியாயிற்று. 1965 மார்ச் 7 முதல் அதன் முதல் செயல்முறைகள் நடைமுறைக்கு வந்தன. இலத்தீனில் மெல்ல முணுமுணுக்கப்பட்டவை மக்களின் மொழியில் உரக்கச் சொல்லப்படலாயின. 1970இல் வெளிவந்த உரோமைத் திருப்பலி நூலின் பொதுப் படிப்பினை, வாசக மேடை எளிதில் நகர்த்தும் தாங்கியாக இராமல் நிலையானதாக இருத்தல் நலம் என்றது; இறைமக்கள் காண்பதோடு எளிதாகக் கேட்கவும், இக்காலத் தொழில்நுட்பத்தைக் கொண்டேனும், ஏற்பாடு வேண்டும் என்றது.

இதனைத் தலைகீழாகப் பார்த்தவரும் உண்டு. ஊடகங்களை ஆய்ந்த கனடா நாட்டறிஞர் மார்ஷல் மக்லூகன், 1937இல் கத்தோலிக்க மறை தழுவியவர், இலத்தீன் வழிபாட்டை வீழ்த்தியது சங்கமன்று, ஒலிவாங்கியே என்ற பொருள்பட 1974இல் எழுதினார். குருவின் குரல் எல்லாப் பக்கமிருந்தும் ஒரே உரப்பில் கேட்கத் தொடங்கியபின், தொலைவில் நின்று முணுமுணுக்கும் மறைபொருளுக்கு இடமில்லை என்பது அவர் வாதம். அது மிகைக்கூற்று என்பதே நம் கருத்து. எனினும் அவர் கவனிக்காத ஒன்றும் உண்டு. ஒலிவாங்கி வந்த பின்னரே, உரத்த குரலற்ற பொதுநிலையினர் வாசக மேடை ஏற முடிந்தது. தேயிலை பறிக்கும் ஒரு தாயோ, ஒன்பதாம் வகுப்பு மாணவியோ முதல் வாசகத்தை வாசிப்பது, 1930இல் நினைத்தும் பார்க்க இயலாதது. வாசக மேடைக்கு ஒலிவாங்கி தேர்வோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது இம்மாணவியின் குரலை. பங்குத்தந்தையின் குரலை அன்று. அவர் எப்படியும் சமாளித்துக்கொள்வார்.

கடைக்குச் சென்றால் இருவகை காட்டுவர். 'டைனமிக்' எனப்படும் கம்பிச்சுருள் வகை ஒன்று; 1966இல் வந்த ஷூர் நிறுவனத்தின் எஸ்.எம்.58 உலகெங்கும் அறிந்த எடுத்துக்காட்டு. கீழே விழுந்தாலும், ஈரம் பட்டாலும் தாங்கும். தனி மின்னழுத்தம் கேட்காது. ஆனால் வாயருகே இருந்தால்தான் நன்றாக வாங்கும். இடைவெளி இரு மடங்கானால் ஒலி 6 டெசிபல் குறையும் என்பது விதி. நூலைப் பார்த்துக் குனிந்தும் நிமிர்ந்தும் வாசிப்பவருக்கு இது தண்டனை. மற்றது, வளையும் கழுத்துடைய 'கண்டென்சர்' வகை. 1962இல் பெல் ஆய்வகத்தின் வெஸ்ட், செஸ்லர் இருவரும் கண்ட 'எலெக்ட்ரெட்' முறையால் இது சிறிதாகவும் மலிவாகவும் ஆயிற்று. ஓர் அடி தள்ளி நின்றாலும் குரலைப் பிடிக்கும். ஆனால் பெருக்கியிலிருந்து மின்னழுத்தம் வேண்டும். பனிமூட்டமும் ஈரமும் நிறைந்த நாடுகாணியில் உள்ளே ஈரம் கோத்துப் படபடவென்று ஒலிக்கவும் கூடும். நாம் இரண்டாவதையே பரிந்துரைப்போம், ஒரு நிபந்தனையுடன்: திருப்பலி முடிந்ததும் கழற்றி, உலர்ந்த பெட்டியில் வைக்க ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையெனில் முதல் வகையே நலம்.

எவ்வகையாயினும் முன்புறக் குரலை ஏற்று, பின்புற ஒலியைத் தள்ளுவதாக இருத்தல் வேண்டும். 1939இல் பெஞ்சமின் பாவர் ஒற்றைப் பொறியில் உருவாக்கிய இவ்வமைப்பின் பெயர் 'கார்டியாய்டு'. அதாவது இதய வடிவம். உதகையில் திரு இருதயப் பேராலயத்தை உடைய நம் மறைமாவட்டத்தார் இப்பெயரைக் கேட்டுப் புன்னகைக்கலாம். ஒலிபெருக்கி அதன் முதுகுப் பக்கம் அமைந்தால் அந்த ஊளைச் சத்தம் பெரிதும் அடங்கும். மேடையில் இரண்டு ஒலிவாங்கிகளை அலங்காரமாக நிறுத்துவது வீண். திறந்திருப்பவை இரட்டிப்பானால் ஊளைக்கு இடமும் கூடும்.

தமிழுக்கென்று ஒரு கவலை உண்டு. உயிரொலிகளே உரப்பைத் தருகின்றன. பொருளைப் பிரிக்கும் மெல்லிய வேறுபாடுகள் மேல் அலைகளில் இருக்கின்றன. அவை மங்கினால் பலிக்கும் பழிக்கும் வேறுபாடு போய்விடும். திருப்பலியில் இது சிறு பிழையன்று. மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரும், பணியர் போன்ற பழங்குடியினரும், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து வந்து கூடலூர், பந்தலூர்ப் பகுதித் தோட்டங்களில் குடியேறிய மலையகத் தமிழரும் சேர்ந்து வாழும் இங்கே, பாதி கேட்டு மீதியை ஊகிக்க எல்லாராலும் இயலாது. எனவே அடித்தொனியைக் குறைத்து, மேல்தொனியைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். 'பிதா' என்னும்போது வெடிக்கும் மூச்சுக்கு ஒரு பஞ்சுறை போதும்.

இனிக் கூரை. மழையொலி கேட்போர் தலைமேல் விழுகிறது. எத்துணை விலையுயர்ந்த ஒலிவாங்கியும் அதனை அடக்காது. தகரத்தின் கீழே பலகையோ பிற தடுப்போ வேய்வதற்கு முதலில் பணம் செலவிடுவதே அறிவுடைமை. பிறகு, முன்னால் ஒரு பெரிய கூம்பு வைப்பதை விட்டு, பக்கச் சுவர்களில் சிறு பெட்டிகளை மக்களுக்கு அருகே பொருத்தலாம். எஸ்ராவின் லேவியர் நின்றது அப்படித்தான்.

கூம்பைக் கூரைக்கு வெளியே கட்டும் ஆசை நமக்கும் இல்லாமலில்லை. சென்னை கே.கே.ஆர். நகர் ஆலயம் ஒன்றைக் குறித்த வழக்கில் 2000 ஆகஸ்ட் 30 அன்று உச்சநீதிமன்றம், பிறர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் செபிக்குமாறு எந்தச் சமயமும் கூறவில்லை என்று தீர்ப்பளித்தது. அவ்வாண்டே வந்த ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. தேயிலைத் தோட்ட லைன் வீடுகளில் விடியுமுன் உறங்குவோரை நினைத்தால் சட்டமே தேவையில்லை.

வாங்குமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள்: கோடையில் அன்று, ஆடி மாத மழை ஞாயிறொன்றில். வாசிக்க அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவியையே அழையுங்கள். மேடையின் கழுத்தை அவள் உயரத்திற்கு வளையுங்கள். கடைசி வரிசையில், குடையை மடித்துக் காலடியில் வைத்து அமர்ந்திருக்கும் பாட்டியிடம் சென்று, என்ன வாசித்தாள் என்று கேளுங்கள்.