கரண்டா, பெட்ரோலா: நின்ற காரின் கோளாறு கண்டறிந்த வரலாறு

ஓடிக்கொண்டிருந்த கார் நடுவழியில் நின்று, மறுபடி ஸ்டார்ட் ஆகாதபோது மெக்கானிக் முதலில் தேடுவது இரண்டு: கரண்ட், பெட்ரோல். சிலிண்டருக்குள் பெட்ரோல் கலந்த காற்று போக வேண்டும். சரியான தருணத்தில் பிளக்கில் பொறி விழ வேண்டும். இரண்டும் சரியாக இருந்தும் இன்ஜின் பிடிக்காவிட்டால்தான் கம்ப்ரஷன், டைமிங் பக்கம் போவார்கள். இந்தக் கேள்வி நூறாண்டுக்கு மேலாக மாறவில்லை. விடையை எங்கே தேடுவது என்பது மட்டும் ஒவ்வொரு தலைமுறை வண்டியோடும் மாறிவந்திருக்கிறது.

1908 முதல் 1927 வரை வெளிவந்த ஃபோர்டு மாடல் டி வண்டியில் நான்கு சிலிண்டருக்கு நான்கு காயில்கள், ஒவ்வொன்றும் ஒரு சிறு மரப்பெட்டிக்குள் இருந்தன. வேலை செய்யும் காயில் ரீங்காரமிடும். எந்தப் பெட்டி மௌனமாக இருக்கிறதோ அங்கே கோளாறு. காதால் கண்டுபிடிக்கும் இந்த ஏற்பாட்டை அடுத்து வந்தது அமெரிக்கரான சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த முறை. ஒரே காயில், அதற்கு வரும் மின்சாரத்தை வெட்டி வெட்டிவிடும் பாயின்ட், ஒரு கண்டென்சர், பொறியைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்று அமைந்த அது, 1910-களில் தொடங்கி, போகப்போக உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்களை ஆண்டது.

இந்தியாவில் அதன் ஆட்சி இன்னும் நீண்டது. 1950-களின் இறுதியில் வந்த அம்பாசிடர், பம்பாயில் தயாரான ஃபியட், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றும் இதே குடும்பம். பெங்களூரு மைக்கோ பிளக்கும், 1961-ல் தொடங்கிய பாடி லூகாஸ்-டி.வி.எஸ். ஆலையின் மின்பாகங்களும் மெக்கானிக்குகளின் அன்றாடப் பேச்சில் கலந்தன. ஒரு வண்டியில் பழகிய கை மற்ற இரண்டிலும் தடுமாறாது. சாலையோரப் பட்டறைகள் பெருகியதற்கு இந்த ஒற்றுமை பெரிய காரணம்.

அந்தக் காலத்துச் சோதனைக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ஹாரன் கணீரென்று அடிக்கிறதா, செல்ஃப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) திணறாமல் சுற்றுகிறதா என்று பார்த்தால் பேட்டரியின் நிலை தெரிந்துவிடும். அடுத்து ஒரு பிளக் ஒயரைக் கழற்றி, அதன் முனையை இன்ஜின் உடம்புக்குச் சற்றுத் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் அடிப்பார்கள். நீல நிறத்தில் சொடுக்குப் போடும் பொறி நல்ல பொறி. மஞ்சளாக, மெலிந்து வந்தால் எங்கோ பலவீனம். பொறியே இல்லையென்றால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைப் பிடித்திருக்கும் இரண்டு கிளிப்புகளைத் தட்டிவிட்டு உள்ளே பார்க்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடிக்கும்போது உள்ளே சுழல வேண்டிய ரோட்டர் அசையாமல் நின்றால், கரண்ட் பெட்ரோல் பேச்சுக்கே இடமில்லை; இன்ஜினுக்குள்ளேயே ஏதோ அறுந்திருக்கிறது.

பாயின்டின் இரு முனைகளும் விலகி நிற்கும் இடைவெளி அம்பாசிடரில் சுமார் 0.4 மி.மீ. முனை கருகினால் உப்புத்தாளால் தேய்த்து இடைவெளியைத் திரும்ப வைப்பார்கள். சுவிட்சைப் போட்டு, மூடியிருக்கும் பாயின்டை ஸ்க்ரூடிரைவர் நுனியால் விலக்கினால் ஒரு சின்னப் பொறி தெரிய வேண்டும். காயில்வரை கரண்ட் வந்திருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. அந்தப் பொறி அங்கே கொழுந்துவிட்டு எரிந்து, பிளக் முனையில் நோஞ்சானாக இருந்தால் கண்டென்சர் போய்விட்டது. விலை குறைந்த அந்தச் சின்ன உருளையை மாற்றினால் வண்டி கிளம்பிவிடும். கைநுனியில் நிகழும் இந்தச் சோதனையில் காரணமும் விளைவும் ஒருசேரக் கண்ணுக்குத் தெரிந்தன. அந்தத் தலைமுறையின் திறமை இப்படித்தான் விளைந்தது.

பெட்ரோல் பக்கச் சோதனை எளிது. கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டுச் செல்ஃப் அடித்தால் பெட்ரோல் விட்டுவிட்டுப் பீச்ச வேண்டும். மண்ணெண்ணெய்க் கலப்படத்தை உள்ளங்கையில் தேய்த்து மோந்து கண்டுபிடித்தார்கள்.

எல்லாவற்றிலும் கடினமானது, சூடானால் நின்று ஆறினால் ஓடும் வண்டி. கோடையில் மலைப்பாதை ஏறும்போது பம்பிலும் குழாயிலும் பெட்ரோல் ஆவியாகி ஓட்டம் தடைபடும். வெப்பத்தில் காயிலின் உட்சுற்று விட்டுப்போனாலும் அறிகுறி அதேதான். பட்டறைக்குப் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிவிடும். குறையே இல்லாததுபோல் ஓடும். ஆகவே நின்ற இடத்திலேயே சோதிக்க வேண்டும். நனைத்த துணியைப் பம்பின் மேல் போட்டுச் சிறிது நேரத்தில் கிளம்பினால் பெட்ரோல் ஆவியானதே காரணம். கிளம்பாமல், காயிலும் தொட முடியாதபடி கொதித்தால் வேறு காயிலை மாட்டிப் பார்ப்பார்கள்.

1990-களின் இறுதியில் இந்த உலகம் கலையத் தொடங்கியது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. 1998-ல் சான்ட்ரோ எம்.பி.எஃப்.ஐ. (சிலிண்டருக்கு ஓர் இன்ஜெக்டர்) இன்ஜினோடு வந்தது, சில ஆண்டுகளில் மாருதி 800-ம் அதற்கு மாறியது. கார்புரேட்டர் போய் இன்ஜெக்டர் வந்தது. பம்ப் டேங்குக்குள் இறங்கியது. சாவியைத் திருப்பியதும் பின்சீட்டுப் பக்கம் ஓரிரு நொடி கேட்கும் ‘ம்ம்’ என்ற ஒலிதான் இப்போது முதல் சோதனை. ஒலி இல்லையென்றால் ஃபியூஸ், ரிலே, பிறகு பம்ப். ஒயரைக் கழற்றிப் பொறி பார்க்கும் பழைய வழக்கம் உயர் மின்னழுத்தக் காயில்களிடம் ஆபத்தானது; கையில் ஷாக் அடிக்கும், இன்ஜினை ஆளும் கணினியான கன்ட்ரோல் யூனிட்டும் பாழாகலாம்.

கன்ட்ரோல் யூனிட்டிடமே குறையைக் கேட்கும் ஓ.பி.டி. என்ற வழியும் உருவானது. கலிஃபோர்னியா மாநிலம் 1988 மாடல் கார்களிலிருந்து இதைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்கா முழுவதும் ஒரே வகை 16 முனை சாக்கெட் வந்தது. இந்தியாவில் ஓ.பி.டி. 2010-லும், விரிவான ஓ.பி.டி.-2 2013-லும் கட்டாயமாயின. ஸ்டீயரிங்கின் கீழ் ஸ்கேனரைச் செருகினால் குறைக்குரிய எண் வரும்.

ஆனால் எண் சொல்வது குறை எந்தப் பக்கம் என்பதை மட்டுமே. கெட்ட பாகத்தை அது சுட்டாது. பி0335 என்று வந்தால், இன்ஜின் சுற்றுவதைக் கவனிக்கும் கிராங்க் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்று பொருள். சென்சார் கெட்டிருக்கலாம், ஒயர் உரசி அறுந்திருக்கலாம், கனெக்டரில் பச்சை பூத்திருக்கலாம். எண்ணைக் கண்டதும் சென்சாரை மாற்றுவது வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்கும் வேலை.

இந்தச் சென்சார்தான் பழைய கேள்வியைத் தடுமாற வைத்தது. அதன் சிக்னல் நின்றால், இன்ஜின் சுற்றுவதே கன்ட்ரோல் யூனிட்டுக்குத் தெரியாது. பல வண்டிகளில் அது பொறியையும் இன்ஜெக்டரையும் ஒன்றாக நிறுத்திவிடும். சாவி திருப்பும்போது பம்ப் ஒலிக்கும், செல்ஃப் சுற்றும், வண்டி மட்டும் பிடிக்காது. கரண்டும் பெட்ரோலும் ஒரே நேரத்தில் காணாமல் போவது பாயின்ட் காலத்தில் அரிது. இன்று, இரண்டுக்கும் பொதுவான காரணத்தைத் தேடு என்பதற்கு அதுவே முதல் அடையாளம். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாதபோதும் பல வண்டிகளில் இதே நிலைதான். டாஷ்போர்டில் அதன் விளக்கு சிமிட்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

பழைய காயிலைப் போலவே கிராங்க் சென்சாருக்குள்ளும் மெல்லிய கம்பிச் சுருள்தான் பல வண்டிகளில் இருக்கிறது. சூட்டில் அது விட்டுப்போகலாம், ஆறினால் சேரலாம். சில வண்டிகளில் எண்கூடப் பதிவாகாது. அப்போது ஸ்கேனரில் நேரடி அளவீடுகளைத் திறந்து வைத்துச் செல்ஃப் அடிக்க வேண்டும். இன்ஜின் சுற்றும்போதே ஆர்.பி.எம். பூஜ்யமாக நின்றால் சென்சாரையும் அதன் ஒயரையும் மீட்டரால் அளந்து பார்க்கலாம். இந்த அளவு வண்டி நின்ற இடத்தில், சூடு தணிவதற்குள் எடுக்கப்பட வேண்டும்.