அகலக் கைப்பிடி பிறந்த கதை

பட்டுக்கோட்டையிலிருந்து எந்தத் திசையில் சைக்கிளை மிதித்தாலும் ஒரு குன்றுகூட எதிரே வராது. வயல், தென்னந்தோப்பு, வாய்க்கால், தெற்கே போனால் அதிராம்பட்டினம், அப்புறம் கடல். ஆனால் பள்ளிக்கூடம் விட்டதும் தெருவுக்கு வரும் சைக்கிள்களைப் பாருங்கள். தடித்த டயரும் குறுக்கே நீண்டு நிற்கும் ஹேண்டில்பாருமாக எத்தனை மலைச் சைக்கிள்கள்! டயர் எவ்வளவு தடிமன் என்று கேட்டு வாங்குகிறோம், டிஸ்க் பிரேக்கா என்று குனிந்து பார்க்கிறோம். ஏறி உட்கார்ந்தது முதல் இறங்கும்வரை கை விடாத அந்தக் குழாய் எத்தனை நீளம் என்று மட்டும் கேட்பதில்லை. அந்த நீளம் ஒருநாளில் வந்ததல்ல. அகலமாகப் பிறந்து, குறுகி, மறுபடி அகன்றது.

அதற்கு முந்தைய ஹேண்டில்பாரை நமக்கு நன்றாகவே தெரியும். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949-ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், அம்பத்தூரில் செய்து அனுப்பிய கறுப்பு ஹெர்குலிஸை டெல்டாவில் ஓட்டாத தாத்தா உண்டா? அதன் ஹேண்டில்பார் இரண்டடிக்கும் குறைவு. இரு முனையும் ஓட்டுகிறவர் பக்கமாக வளைந்து வரும். நிமிர்ந்து உட்கார்ந்து நிதானமாகப் போகிறவருக்கு அது போதும். கேரியரில் நெல்மூட்டை ஏறிவிட்டால் போதாது. பாரம் பின்னால் இழுக்க முன்சக்கரம் லேசாகிவிடும், ஹேண்டில்பார் கைக்கு அடங்காமல் ஆடும். மூட்டை ஏற்றியவர் இறங்கி, ஒரு கை ஹேண்டில்பாரிலும் ஒரு கை மூட்டையிலுமாகத் தள்ளிக்கொண்டு போவதற்குக் கனம் மட்டும் காரணம் அல்ல, சக்கரத்தை அடக்கப் பிடி போதவில்லை என்பதும்தான்.

இதே சங்கடம் உலகத்தின் மறுகோடியில் சிலருக்கு வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் என்ற மாவட்டம். 1970களில் அங்கே சில இளைஞர்கள், 1930, 40களில் செய்த ஷ்வின் எக்ஸெல்சியர் சைக்கிள்களைப் பழைய சாமான் கடைகளில் தேடி எடுத்தார்கள். பேப்பர் போடும் பையன்கள் ஓட்டிய ரகம். பலூன் மாதிரி உப்பிய டயர், 20 கிலோ அளவுக்குக் கனம், பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற பிரேக். அதை மலைமேல் கொண்டுபோய் மண்பாதையில் தலைதெறிக்க இறங்குவதுதான் அவர்கள் விளையாட்டு.

1976 அக்டோபர் 21 அன்று அதுவே பந்தயமானது. ஃபேர்ஃபாக்ஸ் ஊரருகே சுமார் மூன்றரை கிலோமீட்டர் பாதை; அதற்குள் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். சார்லி கெல்லி பந்தயத்தை நடத்தினார், கேரி ஃபிஷர் பின்னாளில் அந்தப் பாதையை 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கிச் சாதனை வைத்தார். கீழே வந்து சேர்வதற்குள் பிரேக் பிடித்த சூட்டில் பின்சக்கரக் குடத்தில் உள்ள கிரீஸ் முழுக்கக் காய்ந்து புகையும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு குடத்தைப் பிரித்து, துடைத்து, புது கிரீஸ் அடைக்க வேண்டும். நம் ஊர் சைக்கிள் கடையில் வருஷத்துக்கு ஒருமுறை செய்கிற ஓவராயிலை அவர்கள் ஓட்டத்துக்கு ஒருமுறை செய்தார்கள். பாதைக்கு ‘ரீபேக்’ (மறுபடி அடைத்தல்) என்ற பெயர் வந்தது இதனால்தான்.

அந்த இறக்கத்தில் முன்சக்கரத்துக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால் ஹேண்டில்பாரின் கதை புரிந்துவிடும். வேகமாக வரும் சக்கரம் ஒரு கல்லின் ஓரத்தில் மோதுகிறது. கல் சக்கரத்தை ஒரு பக்கமாகத் திருப்பப் பார்க்கிறது. திரும்பவிடாமல் பிடிப்பது கையின் வேலை. நடுத்தண்டிலிருந்து கை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு குறைந்த பலத்தில் சக்கரம் அடங்கும். கடப்பாரை நீளமாக இருந்தால் பாறை சுலபமாகப் புரள்வதும் இதே கணக்குதான். ரீபேக்காரர்களுக்கு மோட்டார் சைக்கிளில் இந்த விடை தயாராக இருந்தது. மோட்டார் சைக்கிள் பாணியில் அகலமான ஹேண்டில்பாரைப் பொருத்தினார்கள், அதில் மகுரா கம்பெனியின் மோட்டார் சைக்கிள் பிரேக் பிடிகளையே மாட்டினார்கள். அகலக் கைப்பிடி பிறந்தது இப்படித்தான். சைக்கிள் கம்பெனி எதுவும் வரைபடம் போடவில்லை. விழுந்து எழுந்தவர்கள் கைக்கு அகப்பட்டதை எடுத்து மாட்டினார்கள், அது நின்றுவிட்டது.

1977-ல் ஜோ பிரீஸ் இந்த விளையாட்டுக்கென்றே புதிதாகச் சட்டம் செய்தார். 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிட்சி செய்த சட்டங்களை வைத்து ‘மவுன்டன் பைக்ஸ்’ என்ற கடையையே தொடங்கினார்கள். ரிட்சியின் கைவேலையில் ஹேண்டில்பார் தனி உருப்படியாகவே ஆனது. அகலமான குழாயை ஒரே இடத்தில் பிடித்தால் பள்ளத்தில் இறங்கும்போது அது சுழன்றுவிடும். அதனால் ஹேண்டில்பாரைச் சைக்கிளோடு இணைக்கும் தண்டிலிருந்து இரண்டு கால்களைப் பிரித்துக் கொண்டுபோய்க் குழாயோடு சேர்த்து, எல்லாவற்றையும் ஒரே முக்கோணமாகப் பற்றவைத்தார். காட்டு மான் ஒன்றின் கொம்பு போல இருந்ததால் ‘புல்மூஸ்’ என்றார்கள். பார்க்கவே நம்பிக்கை தரும் வேலை அது.

பிறகு வந்த காலம்தான் எனக்கு ஆச்சரியம். 1990-ல் கொலராடோவின் டுராங்கோவில் உலகப் போட்டி, 1996-ல் அட்லான்டா ஒலிம்பிக்ஸ் என்று மலைச் சைக்கிள் பெரிய இடத்துக்குப் போனதும், தார்ச்சாலைப் பந்தயக்காரர்களின் பழக்கம் அதில் ஒட்டிக்கொண்டது. எடை குறைய வேண்டும், கூட்டத்தில் இடிக்காமல் நுழைய வேண்டும், மேட்டில் ஏறும்போது உடம்பு முன்னால் சாய வேண்டும். தண்டு 130, 140 மில்லிமீட்டர் என்று நீண்டது. ஹேண்டில்பாரை 560 மில்லிமீட்டருக்கு அறுத்தார்கள். மேடு ஏற முனையில் இரண்டு கொம்பு முளைத்தது. நம் ஊருக்கு மலைச் சைக்கிள் வந்தது இந்தக் காலத்தில்தான். 1990களில் ஹெர்குலிஸ் எம்டிபி தெருவில் போனால் பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதன் ஹேண்டில்பார் நேராக நின்றதே தவிர, மரினின் அகலம் அதில் இல்லை.

அகலம் திரும்பி வந்ததில் அதே கேரி ஃபிஷருக்குப் பங்கு உண்டு. 1990களின் கடைசியில் தன் சைக்கிள்களில் மேல்சட்டத்தை நீட்டி, தண்டைக் குட்டையாக்கினார். குட்டைத் தண்டு வந்தால் திருப்பம் கூர்மையாகிவிடும். அதைச் சாந்தப்படுத்த ஹேண்டில்பார் அகல வேண்டும். அதற்கப்புறம் தண்டு 50, 40 மில்லிமீட்டர் வரை குறைந்துகொண்டே வர, ஹேண்டில்பார் 680, 740, 780 என்று ஏறி 800-ஐத் தொட்டது. 560-க்கும் 800-க்கும் உள்ள வித்தியாசத்தில் கைக்குக் கிடைக்கும் பிடிபலம் 40 சதவீதத்துக்கு மேல் கூடுகிறது.

இப்படிப் பிறந்த பொருள் நம் வாய்க்கால் கரைக்கு ஏற்றதா? ஏற்றதுதான், மலை இல்லாவிட்டாலும். கல்லணைக் கால்வாயின் கிளைகள் ஓடும் கரைப் பாதையில் மழைக்காலத்தில் மாடு நடந்த குளம்படி, கோடையில் இறுகிக் கல்லாகிவிடுகிறது. ரீபேக்கில் கல் செய்ததை இங்கே குளம்படி செய்கிறது. அகலமான பிடி அங்கே உண்மையிலேயே உதவும். தென்னந்தோப்பிலும் பயமில்லை, இருபத்தைந்தடி இடைவெளி விட்டு நட்ட மரத்தில் எந்த ஹேண்டில்பாரும் இடிக்காது. இடைஞ்சல் சீமைக்கருவைதான். கரையின் இரு பக்கமும் அடர்ந்து பாதையை ஓராள் அகலத்துக்குச் சுருக்கிவிடுகிறது, முள் முதலில் விரல் கணுவைத்தான் தேடும்.

அதைவிடப் பெரிய குறை, ஒரே அகலத்தை எல்லாருக்கும் மாட்டி விற்பது. 780 மில்லிமீட்டர் ஹேண்டில்பாரை ஒன்பதாம் வகுப்புப் பெண் பிடித்தால் முழங்கை மடங்கவே இடம் இருக்காது. கை விறைத்து, நெஞ்சு தாழ்ந்து, தலை தூக்கிப் பார்க்கும் கழுத்து வலிக்கும். வளைவில் வெளிப்பக்கக் கை எட்டாமல் உடம்பே கூட இழுபடும். அவள் சைக்கிள் சரியில்லை என்று நினைக்க மாட்டாள், தனக்கு ஓட்ட வரவில்லை என்று நினைப்பாள். அந்த எண்ணம் ஒரு பிள்ளைக்கும் வரக்கூடாது.

அளவு பார்க்க ஒரு வழி இருக்கிறது. தரையில் தண்டால் எடுப்பது போலக் கையை ஊன்றும்படி ஓட்டுகிறவரிடம் சொல்லுங்கள். யோசிக்காமல் ஊன்றுகிற இடத்தில் இரு உள்ளங்கைகளின் வெளி ஓரத்துக்கு இடையே டேப் பிடித்தால் கிடைப்பதே தொடக்க அளவு. சின்ன உடம்புக்கு 680-லிருந்து 720 வரை, நடுத்தர உயரத்துக்கு 740, 760 என்று வரும். 800 நல்ல உயரமும் அகன்ற தோளும் உள்ளவருக்கே.

உடனே அறுத்துவிடக் கூடாது. கிரிப்பையும் பிரேக் பிடியையும் இரு பக்கமும் சமமாக உள்ளே தள்ளி வைத்து, ஒரு வாரம் வழக்கமான பாதையில் ஓட்டட்டும். இன்னும் குறைக்கலாம் என்று தோன்றினால் பத்து மில்லிமீட்டர் தள்ளிப் பார்க்கலாம். அறுத்த குழாயை நீட்ட முடியாது என்பதால் இந்தப் பொறுமை அவசியம். கை ஒத்துக்கொண்ட பிறகு சைக்கிள் கடைக்குப் போனால் கால்மணி நேர வேலை. கிரிப்புக்குள் சோப்புத் தண்ணீர் விட்டுத் திருகி உருவ வேண்டும். முனையிலிருந்து அளந்து இரு பக்கமும் கோடு போட்டு, ஆக்சா பிளேடால் நேராக அறுக்க வேண்டும். சில ஹேண்டில்பாரில் இதற்கு மேல் அறுக்கக் கூடாது என்ற குறி அச்சிட்டிருக்கும், அதைத் தாண்டக் கூடாது.

அறுத்த விளிம்பு பிளேடு மாதிரி இருக்கும், அரத்தால் உள்ளும் புறமும் ராவச் சொல்லுங்கள். பழைய மூடிகளை மறக்காமல் கேட்டு வாங்கி இரண்டு முனையிலும் அடைக்க வேண்டும். பிள்ளை கீழே விழும்போது வயிற்றில் முதலில் குத்துவது அடைக்காத அந்தக் குழாயின் வாய்தான்.