ஸைத்தூன் நகரின் மீஸான் கற்கள்

சீனத்தின் ஃபூஜியன் மாநிலக் கடற்கரையிலுள்ள சுவான்சோ நகரை அரபு, பாரசீக வணிகர்கள் ‘ஸைத்தூன்’ என்றழைத்தனர். ஸைத்தூன் என்றால் ஒலிவம். ஆயின், 14ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அங்குச் சென்ற இப்னு பதூதா அந்நகரில் ஒலிவமே இல்லை என்று குறித்துள்ளார். அந்நகருக்குப் பெயர் தந்தது நாம் முள்முருங்கை என்றழைக்கும் மரமேயாகும். அதன் சீனப் பெயரான ‘சிதோங்’ அரபு நாவில் ஸைத்தூனாகத் திரிந்தது.

சோங் அரசு 1087இல் இங்குக் கடல்வணிகக் கண்காணிப்பு அலுவலகம் ஒன்றை நிறுவியது. அதன்பின் மங்கோலியரான யுவான் மரபினரின் ஆட்சி முடியும்வரை, கீழைக் கடல்களின் பெருந்துறைமுகங்களுள் ஒன்றாக ஸைத்தூன் விளங்கிற்று. அக்காலத்தின் எச்சமாக இன்றும் நிற்பது அஸ்ஹாப் பள்ளிவாசல். ஹிஜ்ரி 400இல் (கி.பி. 1009–10) கட்டப்பெற்று, ஹிஜ்ரி 710இல் (1310–11) ஷீராஸ் நகரத்து அஹ்மத் இப்னு முஹம்மத் என்பவரால் புதுப்பிக்கப்பட்டதென அதன் வாயிலிலுள்ள அரபுக் கல்வெட்டு கூறுகிறது. ஒன்றன்பின் ஒன்றாக உள்வாங்கிச் செல்லும் கூர்முனை வளைவுகளைக் கொண்ட அவ்வுயர்ந்த வாயில் முற்றிலும் மேலைநாட்டு வடிவினது. கல்லோ உள்ளூர்க் கல். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்த நிலநடுக்கத்திற்குப் பின் தொழுகைக் கூடத்திற்குக் கூரையில்லை. திருமறை வசனங்கள் பொறித்த கிப்லாச் சுவர் வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

இப்பள்ளியின் பெயரைப் பற்றிய குழப்பம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். நெடுங்காலமாக இது ‘சிங்ஜிங்’ பள்ளி என்றே வழங்கி வந்தது. அதற்குக் காரணம் வளாகத்திலுள்ள சீனமொழிக் கல்வெட்டு. 1350இல் எழுதப்பட்ட அதன் வாசகம், ஸீராஃபிலிருந்து வந்த ஒருவர் 1131இல் கட்டிய பள்ளியைப் பற்றியது. மூலக்கல் மறைந்தபின் 1507இல் அவ்வாசகம் மீண்டும் பொறிக்கப்பட்டு இங்கு நிறுத்தப்பட்டது. ஆண்டும் ஒவ்வவில்லை, நிறுவியவர் பெயரும் ஒவ்வவில்லை. இரண்டும் வெவ்வேறு பள்ளிகள் என்று ஆய்வாளர்கள் கொள்வதே பொருத்தம். அழிந்துபோன ஒரு பள்ளியின் பெயரை அழியாத பள்ளி சுமந்து வந்திருக்கிறது.

பள்ளியின் வாயிலைவிட என் மனத்தைக் கவர்பவை அந்நகரத்து மீஸான் கற்களே. கருங்கல்லிலும் பசுமை படர்ந்த கல்லிலும் செதுக்கப்பெற்ற அவற்றில் இஸ்ஃபஹான், தப்ரீஸ், புகாரா, குவாரஸ்ம் எனத் தொலைதூர ஊர்களின் பெயர்களைத் தாங்கியோர் துயில்கின்றனர். அந்நிய மண்ணில் மரணிப்பவர் ஷஹீதின் தகுதி பெறுவார் என்ற கருத்துடைய நபிமொழி பல கற்களில் இடம்பெற்றுள்ளது. ஊர் திரும்பாதவர்களின் உற்றாருக்கு அதனினும் பெரிய ஆறுதல் எது?

அவ்வரபு எழுத்துகளைச் சூழ்ந்துள்ள அலங்காரமோ சீனத்துக்குரியது. கல்லின் தலைப்பகுதியில் மேகச் சுருள்கள். கபுறின் மேலமைந்த படிக்கட்டு வடிவக் கல்லின் அடியில் தாமரை இதழ்கள். இதனை மார்க்கக் கலப்பு என்று கூறுவது எனக்கு ஏற்புடையதன்று. அதே தாமரையும் அதே மேகமும் அந்நகரத்துக் கிறித்தவர்களின் கல்லறைகளில் சிலுவையைத் தாங்குகின்றன. பௌத்தக் கோயில்களிலும் உள்ளன. ஆக, தாமரை அங்கு ஒரு சமயத்தின் அடையாளமாக இராமல், கல்தச்சரின் கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. எதைப் பொறிக்க வேண்டும் என்பதை முஸ்லிம்கள் தீர்மானித்தனர். எப்படிச் செதுக்குவது என்பதை உள்ளூர்த் தச்சரிடம் விட்டனர். கீழக்கரை, காயல்பட்டினத்துப் பழம்பள்ளிகளின் கல்தூண்களைக் கண்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தமிழகத்திற்கும் இந்நகரோடு நேர்த்தொடர்பு உண்டு. 1281ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று இங்கு ஒரு சிவன் கோயில் எழுந்ததைத் தெரிவிக்கிறது. திராவிடப் பாணியிலமைந்த அதன் தூண்கள் இரண்டு, கையுவான் பௌத்தக் கோயிலின் பின்புறத்தில் இன்றும் நிற்கின்றன.

யுவான் ஆட்சியின் இறுதியில் நிலைமை தலைகீழாயிற்று. 1357 முதல் 1366 வரை நீடித்த ‘இஸ்பாஹ்’ கிளர்ச்சியில் அந்நகரத்துப் பாரசீகப் படையினர் ஈடுபட்டனர். அது ஒடுக்கப்பட்டபோது அயல்நாட்டவர் பலர் கொல்லப்பட்டனர். அடக்கத்தலங்களின் கற்கள் பெயர்க்கப்பட்டு நகர மதிலுக்கும் அடித்தளங்களுக்கும் பயன்பட்டன. இறந்தோருக்கு இழைத்த இவ்வவமதிப்பே அக்கற்களைப் பல நூற்றாண்டுகள் காத்தும் வைத்தது என்பது விந்தை.

20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மதில் இடிக்கப்பட்டபோது அவை வெளிவந்தன. வூ வென்லியாங் என்ற பள்ளி ஆசிரியர் அவற்றைத் தேடித் திரட்டினார். அவற்றுள் முஸ்லிம் கற்களோடு கிறித்தவ, இந்துச் சிற்பங்களும் இருந்தன. அனைத்தையும் தொகுத்து 1957இல் நூலாக வெளியிட்டார். அரபுக் கல்வெட்டுகளை மட்டும் தனியே ஆராய்ந்த சென் தாஷெங்கின் நூல் 1984இல் வந்தது. 2021இல் யுனெஸ்கோ, சுவான்சோவின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது அஸ்ஹாப் பள்ளியும் அவற்றுள் ஒன்றாக இருந்தது. திரட்டிய கற்களில் பல இப்போது அந்நகரத்துக் கடல்சார் அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தப்பட்டுள்ளன. அவை எந்தெந்தக் கபுறுகளின் தலைமாட்டில் நின்றவை என்பதைக் காட்ட அடக்கத்தலங்கள்தாம் எஞ்சவில்லை.