பரங்கிப்பட்டை

பரங்கிப்பட்டை (பறங்கிப்பட்டை என்றும் எழுதப்படும்) என்பது சீன மருத்துவத்திலும் சித்த மருத்துவத்திலும் பயன்படும் ஒரு வேர்க்கிழங்கு ஆகும். இதன் தாவரவியல் பெயர் ஸ்மைலாக்ஸ் சைனா. இது ஸ்மைலாக்கேசியே குடும்பத்தைச் சேர்ந்தது. மதுரை முதலிய தமிழக நகரங்களின் நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த துண்டுகளாகக் கிடைக்கிறது. எனினும் இது மதுரைச் சமவெளியில் இயற்கையாக வளரும் தாவரம் அன்று. சீனா, கொரியா, சப்பான் ஆகிய நாடுகளே இதன் தாயகத்தில் முதன்மையானவை.

பெயர்

"பரங்கி" என்பது ஐரோப்பியரை, குறிப்பாகப் போர்த்துக்கீசியரைக் குறித்த சொல் ஆகும். 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி, தாம் பரங்கி அல்லர் என்று கூறியதற்குக் காரணம், அச்சொல் அக்காலத்தில் இழிவுப் பொருளில் வழங்கியதே ஆகும். மேகப்புண் எனப்படும் சிபிலிசு நோய் போர்த்துக்கீசியருடன் தொடர்புபடுத்தப்பட்டுப் பரங்கிப்புண் என்றும் அழைக்கப்பட்டது. பெயரில் "பட்டை" என்று இருப்பினும் இது மரப்பட்டை அன்று. நிலத்தடித் தண்டு ஆகும். வடமொழியில் மதுஸ்னுகி என்றும், இந்தியில் சோப்சீனி என்றும் வழங்கும். சோப்சீனி என்பதற்குப் பாரசீக மொழியில் "சீன மரம்" என்பது பொருள்.

தாவர விளக்கம்

இது முட்களும் பற்றுக்கம்பிகளும் உடைய ஏறுகொடி ஆகும். ஆண், பெண் மலர்கள் தனித்தனிச் செடிகளில் தோன்றும். மலர்கள் மஞ்சள் கலந்த பச்சை நிறமும், பழுத்த கனிகள் சிவப்பு நிறமும் கொண்டவை. கிழங்கு கடினமாகவும் கணுக்கள் உடையதாகவும் இருக்கும். இதில் சப்போனின் வகைச் சேர்மங்கள் உள்ளன.

வரலாறு

16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இக்கிழங்கு கடல்வழியாகச் சீனாவிலிருந்து கோவாவிற்கும் ஐரோப்பாவிற்கும் பரவியது. பேரரசர் ஐந்தாம் சார்லசு கீல்வாதத்திற்காக இதனை உட்கொண்டார். உடற்கூற்றியல் அறிஞர் வெசாலியசு 1546இல் இதைப் பற்றிய மடல் ஒன்றை நூலாக வெளியிட்டார். 1563இல் கோவாவில் அச்சான கார்சியா தா ஓர்த்தாவின் மருந்து நூலிலும் இது இடம்பெற்றது. அதே நூற்றாண்டைச் சேர்ந்த பாவப்பிரகாசம் என்னும் ஆயுர்வேத நூல், பிரங்க நோய்க்கு மருந்தாக இதனைக் குறிப்பிடுகிறது.

பயன்பாடு

சித்த மருத்துவத்தில் பரங்கிப்பட்டைச் சூரணம், பரங்கிப்பட்டை இரசாயனம் முதலியன தோல் நோய்களுக்கும் மூட்டுவலிக்கும் வழங்கப்படுகின்றன. சூரணம் செய்கையில் பொடியைப் பாலின் ஆவியில் பிட்டுப் போல அவித்து உலர்த்தும் முறை உண்டு. இது பிட்டவியல் எனப்படும். சீன மருத்துவத்தில் இது பாச்சியா எனப்படுகிறது. இதன் நெருங்கிய உறவினமான ஸ்மைலாக்ஸ் கிளாப்ராவின் கிழங்கு தூஃபூலிங் என்ற பெயரில் அங்கு பெரிதும் பயன்படுகிறது.

மேகப்புண்ணிற்கு இது நூற்றாண்டுகளாகக் கொடுக்கப்பட்டபோதும், அந்நோயைக் குணப்படுத்துவது பெனிசிலின் ஆகும். 1943 முதல் அது இந்நோய்க்குப் பயன்பட்டு வருகிறது. கிழங்கை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டால், புண் தானே ஆறியது போலத் தோன்றினும் நோய் உடலில் தங்கிப் பின்னாளில் இதயத்தையும் மூளையையும் தாக்கக்கூடும்.

இனங்காணலில் குழப்பம்

ஸ்மைலாக்ஸ் கிளாப்ரா உள்ளிட்ட வேறு இனங்களின் கிழங்குகளும் கடைகளில் இதே பெயரில் விற்கப்படுவதுண்டு. நறுக்கி உலர்த்திய துண்டுகளைக் கண்ணால் மட்டும் பார்த்து இனம் பிரிப்பது கடினம். நுண்ணோக்கி ஆய்வும் வேதியியல் ஆய்வும் இதற்குத் தேவைப்படுகின்றன.

மதுரையில் ஜிகர்தண்டாவில் சேர்க்கப்படும் நன்னாரியும் இதனுடன் குழப்பிக்கொள்ளப்படலாம். அமெரிக்க ஸ்மைலாக்ஸ் இனங்களின் வேர் சர்சாபரில்லா எனப்படுகிறது; நன்னாரிக்கு ஆங்கிலேயர் "இந்தியச் சர்சாபரில்லா" என்று பெயரிட்டதே இதற்குக் காரணம். ஆனால் நன்னாரி எருக்குடன் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த, மணமுள்ள வேருடைய கொடி ஆகும். பரங்கிப்பட்டைக்கு அம்மணம் இல்லை.