கொலஸ்ட்ரால் தின்னும் கிருமியும் மலைக்கிழங்கும்

கள்ளக்குறிச்சியில எந்த லேப்ல வேணும்னாலும் கொலஸ்ட்ரால் டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுங்க. சீரத்தைப் பிரிச்சு ஒரு திரவத்தோட கலப்பாங்க. சில நிமிஷத்துல அது சிவக்கும். எவ்வளவு சிவக்குதோ அவ்வளவு கொலஸ்ட்ரால். அந்தத் திரவத்துல இருக்கிற முக்கியமான நொதி பேரு கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ். அது முதல்ல கிடைச்சது மண்ணுல வாழுற பாக்டீரியாகிட்ட இருந்து. 1974-ல சார்ல்ஸ் அலெய்ன் குழு இந்த முறையை வெளியிட்டாங்க. அதுக்கு முன்னாடி அடர் கந்தக அமிலம் ஊத்தி, பச்சை நிறம் வருதான்னு பார்த்துட்டு இருந்தாங்க. லேப்ல வேலை பார்த்தவங்க கையை நினைச்சா பாவமா இருக்கு.

கொலஸ்ட்ராலைப் போய் ஒரு பாக்டீரியா ஏன் சாப்பிடணும்? அது கார்பன், அவ்வளவுதான். 27 கார்பன் அணுக்கள். நாலு வளையம், ஓரத்துல ஒரு வால். மைக்கோபாக்டீரியம் வகைக் கிருமிகள் இதைத் தின்னும்னு 1913-லயே சோங்கென் என்ற டச்சு ஆய்வாளர் பார்த்துட்டார். ஆனா ரொம்ப நாளைக்கு அது ஒரு வேடிக்கைத் தகவலாத்தான் இருந்தது.

அதைத் தொழிலா மாத்தினது கார்டிசோன். 1949-ல மூட்டுவாத நோயாளிகளுக்கு அது கொடுத்த பலனைப் பார்த்து உலகமே கேட்டது. பித்த அமிலத்துல இருந்து முப்பதுக்கும் மேற்பட்ட படிகள்ல தயாரிக்கணும். கிராம் விலை 200 டாலர். இதே சமயத்துல மெக்சிகோ காட்டுல ஒரு கிழங்கு இருந்தது. ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் 1940-களிலேயே அங்கே போய், காட்டு வள்ளி இனக் கிழங்குல இருக்கிற டயோஸ்ஜெனினை ஹார்மோனா மாத்திக் காட்டினார். 1944-ல சிண்டெக்ஸ் கம்பெனி உருவாச்சு. அந்தக் கிழங்குல இருந்து வந்த ப்ரொஜெஸ்டெரோனை, அப்ஜான் கம்பெனியோட பீட்டர்சனும் மர்ரேயும் 1952-ல ஒரு பூஞ்சைகிட்ட கொடுத்தாங்க. வேதியியல்ல பெரும்பாடா இருந்த படியை அது ஒரே தாவுல முடிச்சது. விலை சரிஞ்சது.

இங்க நான் கல்வராயன் மலைக்கு வரணும். அங்க இருக்கிற மலையாளிப் பழங்குடியினரும் (கேரளாவோட குழப்பிக்காதீங்க, மலையில வாழுறவங்கன்னு அர்த்தம்) காட்டுல வள்ளிக்கிழங்கு தோண்டிச் சாப்பிடுறவங்கதான். மெக்சிகோக் கிழங்கும் இதே டயோஸ்கோரியா குடும்பம், இனம் வேற. மெக்சிகோ மலைக்காரங்க கிழங்கைத் தோண்டி, முதுகுல சுமந்து, இடைத்தரகர்கிட்ட அற்ப விலைக்குக் கொடுத்தாங்க. 1975-ல மெக்சிகோ அரசு ப்ரோகிவெமெக்ஸ்னு ஒரு நிறுவனம் அமைச்சு விலையை உயர்த்தப் பார்த்தது. அதற்கு அடுத்த வருஷம், 1976-லதான் கல்வராயன் மலையில ஜாகிர்தார் ஆட்சி முடிஞ்சது. ரெண்டுக்கும் தொடர்பு எதுவும் இல்லை. ஆனா மலையோட விளைச்சலுக்கு யார் விலை சொல்றதுங்கிற கேள்வி ஒண்ணுதான்.

மெக்சிகோவுக்கு அந்தக் கேள்வி தாமதமா வந்தது. ஏன்னா பாக்டீரியா ஏற்கெனவே தயாரா இருந்தது.

பாக்டீரியாவை அப்படியே விட்டா கொலஸ்ட்ராலை முழுசா எரிச்சுடும், நமக்கு ஒண்ணும் மிஞ்சாது. அது முதல்ல வாலை வெட்டும். 19 கார்பன்ல நிக்கிற அந்த நாலு வளையம்தான் மருந்துக்குத் தேவை. அதுக்கப்புறம் வளையத்தையும் உடைக்கும். அந்த உடைப்பை எப்படித் தடுக்கிறது? வளையத்தை உடைக்கிற நொதிக்கு இரும்பு வேணும். உலோகத்தைப் பிடிச்சு வெச்சுக்கிற ஒரு பொருளைக் கலந்தப்போ, பாதியில நின்ற பொருள் சேர்ந்தது. இதை 1964-ல விட்மார்ஷ் கண்டார். விஸ்கான்சின்ல சார்ல்ஸ் சீ இந்தப் பாதையைப் படிப்படியா வரைஞ்சார். நம்ம ஊர் பாஷையில சொன்னா, பைப்லைன்ல ஒரு பிரேக்பாயிண்ட் வெச்சாங்க. 1972-ல சர்ல் கம்பெனியோட மார்ஷெக் குழு அதை நிரந்தரமாக்கினாங்க: வளையத்தை உடைக்கத் தெரியாத திரிபுக் கிருமிகளைப் பிரிச்செடுத்தாங்க. அவைகளுக்குக் கொலஸ்ட்ராலே தேவையில்லை, தாவர ஸ்டெரால் போதும். சோயா எண்ணெய் தயாரிக்கும்போது மிஞ்சுற கழிவுல அது நிறைய உண்டு.

கிழங்கு விலை ஏறினப்போ கம்பெனிகள் பேரம் பேசவே இல்லை. வேற மூலப்பொருளுக்கு மாறிட்டாங்க. இதை முன்னேற்றம்னு மட்டும் சொல்ல எனக்கு மனசு வரல. மருந்து மலிவாச்சு, உண்மை. ஆனா கிழங்கு சுமந்தவங்க கையில இருந்த ஒரே பிடியும் போச்சு.

இந்த மைக்கோபாக்டீரியம் குடும்பத்துல காசநோய்க் கிருமியும் இருக்கு. 2007-ல வான் டெர் கீஸ் குழு, மண் பாக்டீரியாவில் கொலஸ்ட்ரால் உடைக்கிற மரபணுக் கூட்டத்தைக் கண்டுபிடிச்சப்போ, அதே மாதிரி ஒரு கூட்டம் காசநோய்க் கிருமியிலும் இருந்தது. 2008-ல பாண்டேவும் சாசெட்டியும், அது நம்ம செல்லுக்குள்ள இருக்கிற கொலஸ்ட்ராலை உணவா எடுத்துக்குதுன்னு காட்டினாங்க. மண்ணுல செய்ற வேலையை நுரையீரல்லயும் செய்யுது. அதனால அந்தப் பாதையை அடைக்கிற மருந்துகளைத் தேடுறாங்க.

மூளைச்சவ்வுல காசநோய் வந்தா, மருந்தோட சேர்த்து டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுப்பாங்க. அது இறப்பைக் குறைக்குதுன்னு 2004-ல வியட்நாம்ல 545 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. அந்த மாதிரி ஸ்டீராய்டுகளுக்கான மூலப்பொருளை இன்னிக்குப் பெரிய தொட்டிகள்ல காய்ச்சித் தர்றது, அதே கிருமியோட நோய் செய்யாத பங்காளிதான்.