சாதிச் சான்றிதழும் சபையின் சாட்சியும்



1950ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நமது அரசியலமைப்புச் சட்டம், தன் 17ஆம் பிரிவினால் தீண்டாமையை ஒழித்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று குடியரசுத் தலைவர் பிறப்பித்த ஆணை, பட்டியல் சாதியினர் யாவர் என்று வரையறுத்தது. கல்வியிலும் அரசுப் பணியிலும் அவர்களுக்குரிய இடஒதுக்கீட்டுக்கும், பின்னர் 1989இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்புக்கும் அந்தப் பட்டியலே வாசல். ஆனால் ஆணையின் மூன்றாம் பத்தி, பஞ்சாபின் சில சீக்கியப் பிரிவினர் நீங்கலாக, இந்துக்களுக்கு மட்டுமே அவ்வாசலைத் திறந்தது. 1956இல் சீக்கியர் அனைவருக்கும், 1990இல் பௌத்தருக்கும் அது திறக்கப்பட்டது. கிறிஸ்தவருக்கும் இஸ்லாமியருக்கும் திறக்கப்படவில்லை.

சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்துப் பிழைத்த கிறிஸ்தவ சகோதரர் ஒருவர், தம் தொழிலைச் செய்யும் இந்துத் தோழருக்கு அரசு இலவசமாய் அளித்த பெட்டிக்கடை தமக்கு மறுக்கப்பட்டதால் உச்சநீதிமன்றம் சென்றார். மதம் மாறிய பின்பும் சாதி ஒடுக்குமுறை கிறிஸ்தவ சமூகத்தில் அதே கடுமையோடு தொடர்கிறது என்பது போதுமான அளவில் நிறுவப்படவில்லை என்று, 1985இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது.

அந்தச் சாட்சியை அளிக்க வேண்டியவர்கள் யார்? நாமல்லவா? உரிமை கேட்கும் மேடையில், சபைக்குள் சாதி உண்டு என்கிறோம். பிரசங்க மேடையிலோ, கிறிஸ்துவுக்குள் அது இல்லை என்கிறோம். கல்லறைத் தோட்டங்களில் எழுப்பப்பட்ட பிரிவினைச் சுவர்களும், நம் பிள்ளைகளுக்கு நாம் வரன் தேடும் விதமும் எது உண்மை என்று சொல்லிவிடுகின்றன. 1833இலேயே பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்தியச் சபைகள் சாதியை அறவே விட்டொழிக்க வேண்டுமென்று நிருபம் எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பலர் சாதியை விடவில்லை, சபையை விட்டார்கள்.

பிரியமானவர்களே, பாவத்தை மறைத்துக்கொண்டு நீதியைக் கேட்க முடியாது. நம் நடுவே சாதி இருக்கிறதென்று அறிக்கையிடுவது, ஒடுக்கப்பட்ட சகோதரருக்கு நாம் செலுத்த வேண்டிய கடன். அதைக் களைந்துபோடுவது கர்த்தருக்குச் செலுத்த வேண்டிய கடன். முந்தையதைச் செய்தோமென்று பிந்தையதை விட்டுவிடலாகாது. மூன்றாம் பத்தியை நீக்கும் அதிகாரம் நம்மிடத்தில் இல்லை. சபையின் சுவரை இடிக்கும் அதிகாரம் நம்மிடத்தில் உண்டு.

ஜெபம்: நடுச்சுவரைத் தகர்த்த ஆண்டவரே, நாங்கள் திரும்ப எழுப்பினவற்றை எங்களுக்குக் காண்பித்து, அவற்றை இடிக்கும் துணிவைத் தாரும். ஆமென்.